ஐந்து வாரம் தாமதமான ஆறுதல் கடிதம்: என்ன எழுதுவது, எதை விடுவது?

நிழல்மரம்:

என் நெருங்கிய நண்பருடைய ஒரே மகன், 23 வயது இளைஞன், விபத்தில் இறந்து 5 வாரங்கள் ஆகின்றன. செய்தி வந்தபோது நான் பணி நிமித்தம் வேறு நாட்டில் இருந்தேன்; இறுதிச் சடங்கிற்குச் செல்ல இயலவில்லை. அன்றிரவே தொலைபேசியில் அழைக்க நினைத்தேன், எண்ணை எடுத்தும் வைத்தேன், ஆனால் அவர் "ஹலோ" என்று சொன்னால் அடுத்து நான் என்ன சொல்வேன் என்பது தெரியாததால் மறுநாளைக்குத் தள்ளினேன். மறுநாள், நேற்றே அழைக்காத வெட்கமும் சேர்ந்துகொண்டது. இப்படியே நாள்தோறும் அந்த வெட்கம் வட்டிபோல் ஏறி, இன்று முதலைவிடப் பெரிதாக நிற்கிறது.

கடிதம் எழுதலாம் என்று உட்கார்ந்து எழுதியது இது: "அன்பு நண்பா, செய்தி கேட்ட நாள் முதல் எனக்கு உறக்கமே இல்லை. இது ஈடுசெய்ய இயலாத இழப்பு. நடப்பதெல்லாம் ஏதோ ஒரு காரணத்தோடுதான் நடக்கிறது. காலம் எல்லாவற்றையும் ஆற்றும். நீ தைரியமாக இருந்தால்தான் உன் மனைவி தாங்குவார். எந்த உதவி வேண்டுமானாலும் தயங்காமல் சொல்."

படித்துப் பார்த்தால் யாரோ யாருக்கோ எழுதியதுபோல் இருக்கிறது. இனி எழுதுவது தாமதமா? எழுதுவதானால் இதை எப்படித் திருத்துவது?

கரையோரம்:

தாமதம் என்ற கவலையை முதலில் விட்டுவிடுங்கள், ஐயா. என் கணவர் இறந்து 7 ஆண்டுகள் ஆகின்றன. முதல் பத்து நாள் வீட்டில் நிற்க இடமில்லை. யார் வந்தார்கள், என்ன சொன்னார்கள் என்பதில் பாதி எனக்கு நினைவே இல்லை. இரண்டாம் மாதம் ஒரு நாள் மாலை, தொலைபேசி பழுதாகிவிட்டதோ என்று ஐயப்பட்டு, என் மகளை அவள் அறையிலிருந்து எனக்கு அழைக்கச் சொல்லிச் சோதித்துப் பார்த்தேன். பழுதில்லை, அழைப்பவர் இல்லை, அவ்வளவுதான். அந்த வாரம் வந்த ஒரே ஒரு கடிதத்தை இன்றும் வைத்திருக்கிறேன். அதை எழுதியவரும் தாமதத்திற்கு மன்னிப்புக் கேட்டிருந்தார், அதுவும் ஒரே வரியில். நீங்களும் ஒரு வரியோடு நிறுத்திக்கொள்ளுங்கள். மன்னிப்பு நீண்டால், உங்களைத் தேற்றும் வேலையும் அவர் தலையில் விழும்.

இரவுப்பணி:

குணமாக்க இயலாத நோயாளிகளின் வலியைத் தணித்துப் பராமரிக்கும் நோய்த்தணிப்புப் பிரிவில் நான் செவிலியாகப் பணியாற்றுகிறேன். கரையோரம் அம்மா சொன்னதற்கு ஓர் ஆய்வுச் சான்றும் உண்டு. 1957-ஆம் ஆண்டில் மனைவியை இழந்த, 55 வயதும் அதற்கு மேலும் ஆன 4,486 ஆண்களை ஒன்பது ஆண்டுகள் பின்தொடர்ந்து, காலின் மரே பார்க்ஸும் அவருடன் பணியாற்றியவர்களும் 1969-இல் பிரிட்டனில் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். அவர்களில் 213 பேர் முதல் ஆறு மாதத்திற்குள்ளாகவே இறந்திருந்தனர். அதே வயதுள்ள, மனைவியுடன் வாழும் ஆண்களிடம் எதிர்பார்க்கக்கூடிய எண்ணிக்கையைவிட இது 40 விழுக்காடு அதிகம். பிள்ளையை இழந்த பெற்றோருக்கு இந்தக் கணக்கை அப்படியே பொருத்த முடியாது. ஆனால் மாதக்கணக்கில் நீளும் ஒரு பாரத்திற்கு ஐந்தாவது வாரம் தொடக்கம்தானே தவிர முடிவன்று.

இனி உங்கள் வரைவு. "எனக்கு உறக்கமே இல்லை" என்ற முதல் வரியை எடுத்துவிடுங்கள். சூசன் சில்க் என்ற உளவியலாளரும் பேரி கோல்ட்மனும் 2013-இல் ஒரு நாளிதழில் எளிய வழி ஒன்றைச் சொன்னார்கள். துயரத்தின் நடுவில் இருப்பவரைச் சுற்றி ஒரு வட்டம் போடுங்கள், அதற்கு அடுத்த நெருக்கத்தில் இருப்பவர்களை அடுத்த வட்டத்தில் வையுங்கள், இப்படியே வெளியே போங்கள்; உள்நோக்கி ஆறுதல் மட்டுமே செல்ல வேண்டும், புலம்பல் எல்லாம் வெளிநோக்கித்தான் செல்ல வேண்டும். சில்க் மார்பகப் புற்றுநோய் அறுவை சிகிச்சைக்குப்பின், யாரையும் பார்க்கும் நிலையில் தான் இல்லை என்று சொன்னபோது, உடன் பணியாற்றிய ஒருவர் "இது உங்களைப் பற்றியது மட்டுமல்ல" என்றாராம். அந்த ஒரு சொல்லிலிருந்து பிறந்த யோசனை இது. உங்கள் உறக்கமின்மை உண்மைதான். அதை உங்கள் மனைவியிடம் சொல்லுங்கள், எங்களிடம் சொல்லுங்கள். நண்பரிடம் வேண்டாம்.

"ஏதோ ஒரு காரணத்தோடுதான்" என்ற வரியைப் பற்றி நான் விளக்கவே போவதில்லை. அடித்துவிடுங்கள். "நீ தைரியமாக இருந்தால்தான் உன் மனைவி தாங்குவார்" என்பது ஆறுதல்போலத் தோன்றும் கட்டளை. அழுவதற்கு அவருக்கு இருக்கும் ஒரே இடத்தையும் அது பூட்டிவிடுகிறது.

எழுத்தாணி:

எல்லாரும் வழக்கமான சொற்களை இப்படி வெறுப்பது எனக்குச் சற்று மிகையாகப் படுகிறது. "ஆழ்ந்த இரங்கல்", "ஈடுசெய்ய இயலாத இழப்பு" என்பவை தேய்ந்த சொற்கள்தாம், மறுக்கவில்லை. ஆனால் தேய்ந்ததனால்தான் அவை பாதுகாப்பானவை. வாயில்படி தேய்ந்திருப்பது பலர் அதன் வழியே உள்ளே வந்ததனால்தானே? அலுவலகத்தில் முகம் மட்டும் தெரிந்த ஒருவருடைய தாய் இறந்தால், அவரிடம் போய்ச் சொந்தச் சொல்லில் உருக முயல்வது அத்துமீறல். அங்கே "கேள்விப்பட்டேன், மிகவும் வருந்துகிறேன்" என்று சொல்லிக் கையைப் பற்றிவிட்டு நகர்வதே மரியாதை. எல்லாரும் எல்லாரிடமும் ஆழமாகப் பேச வேண்டும் என்று விதி செய்தால், பாதிப் பேர் பயந்துபோய் ஒன்றுமே சொல்லாமல் இருந்துவிடுவார்கள். நிழல்மரம் 5 வாரமாக இருந்ததைப்போல.

இன்னொன்று. அவர் இப்போது கோபக் கட்டத்தில் இருக்கக்கூடும். துயரத்திற்கு ஐந்து கட்டங்கள் உண்டல்லவா? ஏற்கும் கட்டம் வரட்டும், பிறகு எழுதலாம்.

இரவுப்பணி:

எழுத்தாணி ஐயா சொன்ன முதல் பகுதியை முழுமையாக ஒப்புக்கொள்கிறேன். "ஆர்.ஐ.பி." என்று மூன்று எழுத்தைத் தட்டிவிட்டு அடுத்த செய்திக்குப் போகிறவர்களைத்தான் என்னால் பொறுக்க இயலாது, முழுச் சொல்லில் எழுதிய ஒரு வழக்கமான வாக்கியம் அதைவிட எவ்வளவோ மேல்.

இரண்டாவது பகுதியை மறுக்க வேண்டியிருக்கிறது. மறுப்பு, கோபம், பேரம், சோர்வு, ஏற்பு என்ற அந்த ஐந்தும் மனநல மருத்துவர் எலிசபெத் கூப்ளர்-ராஸ் 1969-இல் எழுதிய நூலால் பரவியவை. அவர் பேசியது தம் சொந்த மரணத்தை எதிர்நோக்கியிருந்த நோயாளிகளிடம். பிறரை இழந்து உயிரோடு இருப்பவர்களுக்கு அது பின்னர் நீட்டிக்கப்பட்டது. எங்கள் பிரிவில் உறவினர்கள் "எனக்கு இன்னும் கோபமே வரவில்லையே, நான் சரியாகத் துக்கப்படவில்லையா?" என்று கேட்பதுண்டு, படிக்கட்டு போல ஒன்றை மனத்தில் வைத்துக்கொண்டு, தாம் எந்தப் படியில் நிற்கிறோம் என்று தேடுகிறார்கள். நான் பார்த்த அளவில், 1999-இல் மார்கரெட் ஸ்ட்ரோப, ஹென்க் ஸ்கூட் என்ற உளவியலாளர்கள் முன்வைத்த விளக்கம்தான் உண்மைக்கு நெருக்கமாக இருக்கிறது: துயருறுபவர் இழப்பின் பக்கமும் அன்றாட வாழ்வின் பக்கமும் மாறிமாறி ஊசலாடுகிறார். காலையில் வங்கிக்குப் போய்க் கணக்கு முடித்து, வழியில் கேட்ட ஒரு வேடிக்கைக்குச் சிரித்து, மாலையில் ஒரு சட்டையைப் பார்த்து உடைந்துபோவார். மூன்றும் ஒரே நாளில் நடக்கும். ஆகவே எந்தக் கட்டம் வரும் என்று வெளியிலிருந்து காத்திருப்பதில் பொருளில்லை.

யாரேனும் "மருத்துவரைப் பார்க்கச் சொல்லுங்கள்" என்று எழுதுவதற்கு முன்பே இதையும் சொல்லிவிடுகிறேன். நீடித்த துயரத்தை நோயாகக் கணிக்க, உலக நலவாழ்வு நிறுவனத்தின் நோய்ப் பட்டியலுடைய 11-ஆம் பதிப்பு குறைந்தது 6 மாதம் கடந்திருக்க வேண்டும் என்கிறது. அமெரிக்க மனநல மருத்துவர் சங்கத்துடைய நோய்க் கையேட்டின் 2022-ஆம் ஆண்டுத் திருத்தப் பதிப்பு பெரியவர்களுக்கு 12 மாதம் என்கிறது. உயிரை மாய்த்துக்கொள்ளும் பேச்சு எழுந்தால் ஒரு நாளும் காத்திருக்கக் கூடாது. அது வேறு. மற்றபடி 5 வாரத்து அழுகைக்குப் பெயர் அழுகைதான்.

பழைய மாணவன்:

"காலம் ஆற்றும்" என்ற வரிக்காக வாதாட யாரேனும் வர வேண்டுமே, நான் வருகிறேன். 1862 டிசம்பர் 23 அன்று அமெரிக்க அதிபர் ஆபிரகாம் லிங்கன், போரில் தந்தையை இழந்த ஃபேனி மெக்கல்லா என்ற இளம்பெண்ணுக்கு ஒரு கடிதம் எழுதினார். நாடே பிளந்து போர் நடந்துகொண்டிருந்த நேரம் அது. முழு நிவாரணம் இப்போது சாத்தியமில்லை, காலம் மட்டுமே அதைத் தரும் என்று அதில் சொல்கிறார். மீண்டும் நலமடைவோம் என்பதை உன்னால் இப்போது நம்ப முடியாது, ஆனால் அப்படி நினைப்பது பிழை, நீ நிச்சயம் மறுபடியும் மகிழ்ச்சியாக இருப்பாய் என்றும் சொல்கிறார். இரவுப்பணி அவர்கள் சிவப்பு மையில் அடித்துவிடக்கூடிய வரிகள்தாமே இவை?

ஆனால் அதற்கு அடுத்து, இதைச் சொல்லும் அளவுக்குத் தனக்கு அனுபவம் உண்டு என்று அவர் எழுதுகிறார். அதே ஆண்டு பிப்ரவரியில்தான் அவருடைய மகன் வில்லி இறந்திருந்தான். பள்ளத்தில் கிடந்து எழுந்தவன் பள்ளத்தில் கிடப்பவனிடம் சொன்ன சொல் அது. ஆகவே எந்த வரியைச் சொல்லலாம், எந்த வரியைச் சொல்லக்கூடாது என்று பட்டியல் போடுவதில் எனக்கு நம்பிக்கையில்லை. யார் சொல்கிறார் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

கூழாங்கல்:

அதற்கு எதிர்ச்சாட்சியாக இன்னொரு கடிதம் உண்டு, பழைய மாணவரே. 1917-இல் துக்கத்தைப் பற்றி எழுதியபோது உளப்பகுப்பாய்வை நிறுவிய சிக்மண்ட் ஃபிராய்ட், இழந்தவரிடமிருந்து மனம் சிறிது சிறிதாகத் தன் பற்றை விடுவித்துக்கொள்வதே துக்கத்தின் வேலை என்றார். 1920-இல் அவருடைய மகள் சோஃபி இறந்தார். 1929 ஏப்ரலில், மகனை இழந்திருந்த தன் நண்பரான மனநல மருத்துவர் லுட்விக் பின்ஸ்வாங்கருக்கு எழுதும்போது, என் மகள் இருந்திருந்தால் இன்று அவளுக்கு 36 வயது நிறைந்திருக்கும் என்று ஃபிராய்ட் குறிப்பிடுகிறார். கடுந்துயரம் தணியும், ஆனால் அந்த இடத்தை எதனாலும் முழுமையாக நிரப்ப முடியாது, அப்படியே இருப்பதுதான் சரி, நாம் விட்டுவிட விரும்பாத அன்பைத் தொடர்வதற்கு அது ஒன்றே வழி என்ற பொருளில் அக்கடிதம் போகிறது. தன் கோட்பாட்டை ஒரு தகப்பனாக அவரே மீறிவிட்டார் என்று எனக்குத் தோன்றும். ஒருவர் "மீண்டும் மகிழ்வாய்" என்கிறார், மற்றவர் "நிரம்பவே நிரம்பாது" என்கிறார். இரண்டும் ஆறுதலாகத்தான் போய்ச் சேர்ந்திருக்கும்.

நிழல்மரம் அவர்களே, உங்களுக்கு இந்த அனுபவம் உண்டா? இல்லையென்றால் இந்த இருவருடைய குரலிலும் எழுத உங்களுக்கு உரிமையில்லை. மகனை இழப்பது எப்படியிருக்கும் என்று தெரியாது என்பதையே எழுதிவிடலாம்.

நிழல்மரம்:

இல்லை, அந்த அனுபவம் எனக்கில்லை. தந்தையை இழந்திருக்கிறேன், அவருக்கு 88 வயது. அதை இதற்கு அருகில் வைக்கவே கூடாது என்று உணர்கிறேன்.

வரைவில் கைவைத்தால் மிஞ்சுவது "அன்பு நண்பா" மட்டும்தான். ஆனால் எழுத ஒன்று இருக்கிறது, அதை எழுதலாமா என்பதில்தான் குழப்பம். பையனுக்கு 11 வயதிருக்கும்போது ஒரு விடுமுறையில் சில நாள் எங்கள் வீட்டில் தங்கினான். ஒரு மதியம் நாங்கள் உறங்கி எழுந்து பார்த்தால் சுவர்க் கடிகாரம் தரையில், செய்தித்தாள் விரிப்பின்மேல், பாகம் பாகமாகப் பிரிந்து கிடக்கிறது. அவன் சிறிதும் பதறவில்லை. கழற்றிய வரிசையில் ஒவ்வொன்றுக்கும் பென்சிலால் எண் போட்டிருந்தான். மாலைக்குள் மாட்டியும் விட்டான், கடிகாரம் ஓடியது. ஆனால் ஒரு திருகாணி மிச்சம். அதைக் கையில் வைத்துக்கொண்டு நெடுநேரம் பார்த்துவிட்டு, "இது இல்லாமலே ஓடுகிறதென்றால் இது தேவையில்லாதது மாமா" என்றான். பிறகு, "அப்பாவிடம் சொல்லிவிடாதீர்கள்" என்றான். பொருள்களைப் பிரிப்பதற்காக வீட்டில் அவன் ஏற்கெனவே நிறையத் திட்டு வாங்கியிருந்தான். நான் சொல்லவில்லை, இன்றுவரை. கடிகாரம் இன்னும் ஓடுகிறது. திருகாணி மேசை இழுப்பறையில் ஒரு தீப்பெட்டிக்குள் இருக்கிறது.

இதை எழுதினால், மகன் தனக்குப் பயந்து ஒன்றை மறைத்தான் என்பது இப்போது தெரிந்து அவர் மேலும் நொறுங்க மாட்டாரா? அவனுக்குக் கொடுத்த வாக்கு என்ன ஆவது?

எழுத்தாணி:

எழுத வேண்டாம் என்பதே என் கருத்து. நல்ல நினைவுதான், ஆனால் அதற்குள் ஒரு முள் இருக்கிறது. தகப்பன்மார் இப்படிப்பட்ட நேரத்தில் தாம் திட்டிய ஒவ்வொரு சொல்லையும் எண்ணிக்கொண்டிருப்பார்கள். ஓராண்டு கழித்து, நேரில், முகம் பார்த்துச் சொல்லுங்கள்.

செம்பருத்தி:

இந்த இழையை நேற்றிலிருந்து வாசித்துக்கொண்டிருக்கிறேன். எழுத வேண்டாம் என்றிருந்தேன், எழுத்தாணி ஐயா எழுதவைத்துவிட்டார்.

என் மகள் இறந்து 4 ஆண்டுகள் ஆகின்றன. அவளுடைய நிழற்படங்கள் மொத்தம் எத்தனை என்று எனக்குத் தெரியும். இனி ஒன்றும் கூடாது. அவளைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் எனக்கு ஏற்கெனவே தெரிந்துவிட்டது. அதையேதான் நான் திரும்பத் திரும்ப எடுத்துப் பார்க்கிறேன். புதிதாக ஒன்று வரவேண்டுமென்றால், அது வேறு யாருடைய நினைவிலிருந்துதான் வரவேண்டும். இரண்டாம் ஆண்டில், அவளுடன் படித்த ஒரு பெண் தயங்கித் தயங்கி, என் மகள் வகுப்பிலிருந்து நழுவிச் சினிமாவுக்குப் போன கதையைச் சொன்னாள். என்னிடம் பொய் சொல்லிவிட்டுப் போயிருக்கிறாள். அன்று எனக்கு வலிக்கவில்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் அந்த மாலை முழுதும் என் மகள் எனக்குத் தெரியாத ஓரிடத்தில், எனக்குத் தெரியாமல், சிரித்துக்கொண்டிருந்தாள். அதை நான் எதற்கும் கொடுக்க மாட்டேன்.

ஓராண்டு காத்திருக்கச் சொல்கிறீர்கள். காத்திருப்பவர்கள் பெரும்பாலும் பிறகு சொல்வதேயில்லை, ஐயா. அவள் பெயரைச் சொன்னால் எனக்கு நினைவுபடுத்திவிடுவோமோ என்று எல்லாரும் அஞ்சுகிறார்கள், நான் மறந்திருப்பதுபோல.

எழுத்தாணி:

நான் சொன்னதைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன், அம்மா.

தனிவழி:

சிறு குறிப்பு. என் அண்ணன் தன் உயிரைத் தானே முடித்துக்கொண்டவர். வந்தவர்களில் பலர் முதலில் கேட்டது "ஏன்?" என்பதை, சிலர் எங்கள் தெருப்பக்கமே வரவில்லை. ஊர் வெளிப்படையாக ஏற்றுக்கொள்ளாத இழப்புகளைத் தனியாகக் குறிக்க 1989-இல் கென்னத் டோகா என்ற துயர ஆய்வாளர் ஒரு சொல்லைப் பரப்பினார்: அங்கீகாரமற்ற துயரம். கலைந்த கரு, பிரிந்துபோன துணையின் மரணம் போன்றவையும் இதில் அடங்கும். இறந்தது எப்படி என்பதைக் கேட்காதீர்கள், வாழ்ந்தது எப்படி என்று கேளுங்கள் என்பதுதான் என் ஒரே வேண்டுகோள். தமிழில் நாம் இதைத் "துக்கம் விசாரித்தல்" என்றுதான் சொல்கிறோம். விசாரித்தல் என்றால் கேட்பது. போகிறவர்கள் எல்லாரும் ஏனோ சொல்லிவிட்டு வருகிறார்கள்.

கரையோரம்:

கடைசி வரியைப் பற்றி யாரும் பேசவில்லையே. "எந்த உதவி வேண்டுமானாலும் சொல்" என்பதை மனமார்ந்துதான் சொல்கிறோம், ஆனால் அந்த நிலையில் தனக்கு என்ன வேண்டும் என்று கண்டுபிடிப்பதே ஒரு வேலை, அதைப் பிறரிடம் வாய்விட்டுக் கேட்பது இன்னொரு வேலை. இலக்கண நூலார் இறந்தவரை எண்ணிப் பாடுவதைக் கையறுநிலை என்றார்கள். கை அற்றவரிடம் போய் "கேள், தருகிறேன்" என்றால் எதைக் கொண்டு நீட்டுவார்? என் கணவருடைய காப்பீட்டுத் தாள்கள் ஒரு மாதம் உறையோடு கிடந்தன. அவருடன் பணியாற்றிய ஒருவர், "சனிக்கிழமை பத்து மணிக்கு வருகிறேன், படிவங்களை நான் நிரப்புகிறேன், நீங்கள் கையெழுத்து மட்டும் போடுங்கள், முடியாவிட்டால் வராதே என்று ஒரு சொல் அனுப்புங்கள்" என்றார். வந்தார், நிரப்பினார், ஆறுதலாக ஒரு வார்த்தைகூடப் பேசாமல் போனார். உங்களால் செய்யக்கூடிய ஒன்றை, நாள் குறித்து எழுதுங்கள்.

நிழல்மரம்:

அனுப்பிவிட்டேன். கடிதத்தில் அவனுடைய பெயர் நான்கு இடத்தில் வருகிறது. இங்கே "அவன்" என்று மாற்றியிருக்கிறேன்.

"அன்பு நண்பா, முன்பே எழுதியிருக்க வேண்டும், எழுதத் துணிவு வரவில்லை, மன்னித்துவிடு. மகனை இழப்பது எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியாது. அவனை எனக்குத் தெரியும். அவன் என்னிடம் ரகசியமாக வைக்கச் சொன்ன ஒன்றை உன்னிடம் இப்போது சொல்கிறேன், அவன் கோபித்துக்கொள்ள மாட்டான் என்று நம்புகிறேன்." இதற்குப்பின் கடிகாரக் கதையை, பென்சில் எண்கள் உட்பட, ஒன்றும் குறைக்காமல் எழுதினேன். "நீ திட்டுவாய் என்று பயந்தான், ஆனால் நீ சொல்லிக்கொடுத்தபடிதான் கழற்றிய வரிசையில் எண் போட்டதாகவும் சொன்னான்" என்ற உண்மையையும் சேர்த்தேன். இங்கே எழுதும்போது அது விட்டுப்போயிருந்தது. இறுதியாக, "அடுத்த மாதம் 9-ஆம் தேதி ஊர் திரும்புகிறேன். 10-ஆம் தேதி மாலை உன் வீட்டுக்கு வருகிறேன். பேச வேண்டாம் என்றால் பேசாமல் உட்கார்ந்திருப்போம். பதில் எழுத வேண்டாம்" என்று முடித்தேன்.

செம்பருத்தி:

பதில் வந்தாலும் வராவிட்டாலும் 10-ஆம் தேதி போய்விடுங்கள்.

நிழல்மரம்:

ஒன்பது நாள் கழித்து இதை எழுதுகிறேன். அவர் எழுதவில்லை, அவருடைய மனைவி இரண்டு வரி அனுப்பியிருக்கிறார். கடிதத்தை அவர் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு திரிகிறாராம், யாரிடமும் காட்டவில்லையாம், மனைவியிடம் மட்டும் ஒரு முறை வாசித்துக் காட்டினாராம். அந்தத் திருகாணி எத்தனை பெரிது என்று என்னிடம் கேட்டு எழுதச் சொன்னாராம்.

நான் இன்னும் ஊர் திரும்பவில்லை. மேசை இழுப்பறையைத் திறந்து தீப்பெட்டியை எடுத்து அளந்து சொல்லும்படி என் மனைவிக்குத் தகவல் அனுப்பியிருக்கிறேன்.